எதிர் வீட்டுக்குப் போன பாஸ்போர்ட்

இல்லம்மா, அழல. கோவம் வந்தா எனக்குக் கண்ணு இப்படித்தான் தண்ணி விடும், சின்ன வயசுலருந்தே. நீங்க உக்காருங்க. இருங்க, இந்தப் பையைக் கீழ வச்சுக்கிறேன். கனமாத்தான் இருக்கும், அஞ்சு கிலோ. அரிசி இல்லம்மா. புது ஷூ வாங்கினா டப்பாக்குள்ள வெள்ளையா சின்னதா ஒரு பொட்டலம் கெடக்கும்ல, திங்காதீங்கன்னு எழுதி? அது. அஞ்சு கிலோவும் அதான். காலைல நான் படி எறங்குறேன், கூரியர்காரர் கைல திணிச்சுட்டுப் போறார். திரும்பி வீட்டைத் தெறந்து உள்ள வைக்க நேரமில்ல. அப்படியே தூக்கிட்டு மாட்டுத்தாவணிக்கு ஓடி வந்துட்டேன்.

எதுக்கா? ஈரத்துக்கு. சொல்றேன், சொல்றேன்.

நீங்க எதுவரைக்கும்? திருநெல்வேலியா. நான் வள்ளியூர். அங்க எறங்கி டவுன் பஸ் புடிச்சு ஏதோ ஒரு கிராமத்துக்குப் போகணும். என் வாழ்க்கைல நான் பாக்காத ஊரு. எதுக்குப் போறேன் தெரியுமா? ஒரு சாவிக்கு. எங்க வீட்டுச் சாவிகூட இல்ல. எதிர் வீட்டுச் சாவி!

நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு எங்க வாசல்ல லாரி வந்து நிக்கும்மா. வீட்டுச் சாமான் எல்லாத்தையும் ஏத்தி, தூத்துக்குடி கொண்டுபோயி, கப்பல்ல போட்டு சீஷெல்ஸ் அனுப்புறாங்க. ஆமா, வெளிநாடு. கடலுக்கு நடுவுல தீவு தீவா இருக்கும். வெள்ளிக்கிழமை எங்களுக்கு பிளைட்டு. எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும். சாமான் ஏத்துறதுக்கு முன்னாடி ரெண்டு பேரோட ஒரிஜினல் பாஸ்போர்ட்டையும் கண்ணால பாக்கணும்னு பேக்கிங் கம்பெனிக்காரர் சொல்லிட்டார். நகல் கிகல்லாம் ஆகாதாம். என்னுது என் பைல்ல பத்திரமா இருக்கு. அவருது எதிர் வீட்டுக்குள்ள இருக்கு. எதிர் வீட்டுல இருக்கிறது ஜெசிந்தாக்கா. அவங்க வீட்டைப் பூட்டிட்டு ஊருக்குப் போயிட்டாங்க, கோயில் கொடியேத்தமாம். போன் எடுக்க மாட்டேங்கிறாங்க. நேத்து சாயங்காலத்துலருந்து முப்பத்தோரு தடவை அடிச்சிருக்கேன். முப்பத்தோரு தடவைம்மா! கொடி ஏத்துறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? கயிறை இழுத்தா ஏறப்போகுது.

அவர் பாஸ்போர்ட் ஏன் எதிர் வீட்டுக்குப் போச்சு? அதான் கேள்வி. கேளுங்க, நல்லாக் கேளுங்க. இந்த உலகத்துல வேற எந்த வீட்லயும் இது நடந்திருக்காது.

நான் ஆறு மாசமாத் திட்டம் போட்டேம்மா. நான் பிசிக்ஸ் டீச்சர். அங்க ஒரு ஸ்கூல்ல வேலை கெடச்சிருக்கு. ஆர்டர் வந்த அன்னிக்கே லேப்டாப்ல ஒரு பட்டியல் போட்டுட்டேன். முன்னூத்திப் பன்னெண்டு வரி. பச்சைன்னா எடுத்துட்டுப் போறது, மஞ்சள்னா யாருக்காவது குடுக்கிறது, சிவப்புன்னா விக்கிறது. கரண்டி வரைக்கும் இருக்கு. குழிப்பணியாரக் கல்லு பச்சை. பீரோ சிவப்பு. எங்க அத்தை, அதான் மாமியார், அவங்க திண்டுக்கல்ல மக வீட்டுக்குப் போறாங்க, அதனால மஞ்சள். சிரிக்காதீங்க. பின்ன எதுலம்மா போடுறது? விட்டுப்போயிடக் கூடாதுன்னுதான போட்டேன்.

இண்டர்நெட்ல ஒரு வெள்ளைக்கார அம்மா எழுதியிருக்கு, வெப்பமண்டல நாட்டுக்கு வீடு மாத்துறது எப்படின்னு. வரி விடாமப் படிச்சேன். வெயில் சுள்ளுன்னு அடிக்கும், பருத்தித் துணி எடுத்துக்கோங்க. கொசுவலை எடுத்துக்கோங்க. தென்னை மரத்தடியில நிக்காதீங்க, காய் விழும். மரச் சாமான்ல பூஞ்சை புடிக்கும், ஒவ்வொரு பெட்டியிலயும் ஈரம் உறிஞ்சுற பொட்டலம் போடுங்க. அதான் இந்த அஞ்சு கிலோ. இதையெல்லாம் நான் அவர்கிட்டப் படிச்சுக் காட்டுறேன். அவர் கேட்டுட்டு, "மதுரையில என்ன பனியா பேயுது"ங்கிறார்.

எனக்கு வந்த கோவம்! நான் எவ்வளவு சீரியசாப் பண்ணிட்டிருக்கேன். "உங்களுக்கு எதுலயும் ஒரு அக்கறை இல்ல"ன்னு புடிபுடின்னு புடிச்சேன். "சரி சுகந்தி"ன்னார். அதோட முடிஞ்சுது. அவர் அப்படித்தாம்மா. தங்கமான மனுஷன், குறை சொல்லக் கூடாது. கல்யாணமாகி நாலு வருஷத்துல ஒரு தடவைகூட நான் சொன்னதுக்கு மறுப்புச் சொன்னதில்ல.

இருங்க, போன். ம்ஹூம், அவர்தான். எடுக்கலம்மா, கட் பண்ணிட்டேன். இப்பப் பேசினா கத்திருவேன். பஸ்ல கத்தக் கூடாது பாருங்க.

அவர் பேரு பூபாலன். மோட்டார் ரீவைண்டிங். தண்ணி மோட்டார் புகைஞ்சு போச்சுன்னா கழட்டிக் கொண்டு வருவாங்கள்ல, உள்ள இருக்கிற கருகின கம்பியெல்லாம் பிச்செடுத்துட்டுப் புதுசாச் செம்புக் கம்பி சுத்தி மாட்டுற வேலை. ஆனையூர்ல அவர் சுத்தின மோட்டாருன்னா மறுபடி கடைக்கு வராதும்பாங்க. அதுக்கு ஒரு கைமிஷின் வச்சிருக்கார். கைப்பிடியைச் சுத்துவார், கம்பி அச்சுல ஏறும். எத்தனை சுத்துன்னு எண்ணணும். ஒரு சுத்து கூடக் கொறைய ஆச்சுன்னா மோட்டார் மறுபடி புகைஞ்சிடும். மிஷின்ல எண்ணிக்கை காட்டுற முள்ளு என்னிக்கோ உடைஞ்சு போச்சு. மாத்துங்கன்னா கேக்க மாட்டார், வாய்க்குள்ளயேதான் எண்ணுவார். எண்ணிட்டிருக்கும்போது பேச மாட்டார். பேசினா மொதல்லருந்து எண்ணணும். பத்து சுத்து ஆனா ஒரு தலையாட்டு. அடுத்த பத்துக்கு இன்னொரு தலையாட்டு. பாக்கவே சிரிப்பா இருக்கும்.

அந்த நேரம்தாம்மா எனக்கு வசதி. மத்த நேரம் மனுஷன் ஒரு எடத்துல நிக்க மாட்டார். தோட்டத்துல மோட்டார் ஓடலம்பாங்க, கெணத்துல எறங்கியிருப்பார். சாயங்காலம் கடையில சுத்த உக்காந்தார்னா ஒரு மணி நேரம் எந்திரிக்க மாட்டார். நான் ஸ்கூல் விட்டு நேரா அங்க போயி எதிர்ல ஸ்டூல் போட்டு உக்காந்து எல்லாத்தையும் சொல்லி முடிச்சிடுவேன். இந்த வேலைக்கு விண்ணப்பம் போடப்போறேன்னு அங்கதான் சொன்னேன். வேலை கெடச்சிருச்சு, போயிரலாம்னு அங்கதான் சொன்னேன். எல்லாத்துக்கும் தலையாட்டினார். நான் ஒண்ணும் அவரக் கேக்காமப் பண்ணல.

என்ன அப்படிப் பாக்குறீங்க? வெள்ளரிப்பிஞ்சு வேணாம்ப்பா, போ. சாத்தூர் வந்திருச்சா அதுக்குள்ள? நீங்க வேணா வாங்கிக்கோங்கம்மா.

எங்க விட்டேன்? ஆங், விசா. என் விசாவோட ஒட்டித்தான் அவர் வரணும். கொஞ்ச நாளைக்கு அங்க அவர் வேலை செய்யக் கூடாது. அதுல என்ன, ஓய்வா இருக்கட்டுமே. பன்னெண்டு வயசுலருந்து செம்புக் கம்பியைப் புடிச்ச கை. கடலைப் பாத்துட்டு உக்காந்திருக்கலாம். அவர் விண்ணப்பத்தையும் நான்தான் நிரப்பினேன். தொழில்னு ஒரு கட்டம் இருந்துச்சு. இல்லைன்னு போட்டுட்டேன். கையெழுத்துப் போட வந்தவர் அந்தக் கட்டத்தையே ரொம்ப நேரம் பாத்துட்டு நின்னார். எழுத்து தெரியல போலன்னு மறுநாளே கூட்டிட்டுப் போயி கண்ணாடி மாத்திவிட்டேன். அந்த அளவுக்கு நான் கவனிச்சுக்கிறேம்மா.

அந்தக் கைமிஷினா? சிவப்பு. விக்கிறதுல போட்டேன். இருபது கிலோ இரும்பு, அங்க கொண்டுபோயி என்ன பண்றது? போன மாசம் கடையைக் காலி பண்ணியாச்சு. "மிஷின் என்னாச்சு"ன்னு கேட்டேன். "அதுக்கு ஏற்பாடு பண்ணிட்டேன்"னார். நான் டிக் அடிச்சிட்டேன். சுலபமா முடிஞ்சுது.

நல்லாத்தாம்மா போயிட்டிருந்துச்சு எல்லாம். கெடுத்தது எங்க அத்தை.

லாரி தேதி வந்துச்சு பாருங்க, ஆடி அஞ்சு. பிளைட்டு ஆடி ஏழு. அத்தை காலண்டரைக் கிழிச்சுக் கைல வச்சுட்டு நிக்கிறாங்க. "ஆடியில குடித்தனம் மாத்துவாளா ஒருத்தி?" அத்தே, கப்பல் நம்ம காலண்டரப் பாத்துக் கெளம்பாதுன்னேன். "ஆவணிக்குப் போற கப்பலே இல்லையா?"ங்கிறாங்க. ஸ்கூல் தெறக்குற தேதியச் சொன்னேன். "உன் ஸ்கூலு, உன் கப்பலு, உன் தேதி. என் மகன் எங்க இருக்கான் இதுல?" அப்படின்னாங்க. நான் லேப்டாப்பத் திருப்பிக் காட்டினேன். இந்தாங்க, நாப்பத்தோராவது வரி, பூபாலன், பச்சை. பச்சைன்னா எடுத்துட்டுப் போறது. இதுக்கு மேல என்ன மரியாதை வேணும்?

ரெண்டு நாள் சாப்பிடாமக் கெடந்தாங்க. அப்புறம் அவங்களே ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. பரஸ்தானம். உங்க பக்கம் உண்டா? இல்லையா? எங்களுக்கும் பாதி மறந்து போனதுதான். கெளம்புற நாள் சரியில்லைன்னா, அதுக்கு முன்னாடி ஒரு நல்ல நாள், நல்ல நேரம் பாத்து, போறவங்க சாமானுல கொஞ்சத்தை ஒரு பையில போட்டு வெளிய ஒருத்தர் வீட்ல கொண்டுபோயி வச்சிடணும். வச்ச நிமிஷமே பயணம் கெளம்பிட்டதாக் கணக்கு. அப்புறம் ஆடியோ அஷ்டமியோ, என்னிக்கு வேணா போகலாம். ஆனா ஒண்ணு, அந்தப் பை திரும்ப வீட்டுக்குள்ள வரக் கூடாது. போகும்போது அப்படியே அங்கருந்து எடுத்துட்டுப் போயிடணும்.

எனக்கு இதுல நம்பிக்கை இல்ல. பிசிக்ஸ் படிச்சுட்டு இதை நம்ப முடியுமா? இருந்தாலும் அத்தை சாப்பிடட்டுமேன்னு சரின்னேன். ஆனி கடைசித் தேதி, காலைல ஏழரைலருந்து எட்டரைக்குள்ள. ஒரு மஞ்சப்பை. அதுல வெத்தலை பாக்கு, மஞ்சக் கெழங்கு, ஒரு பிடி அரிசி. போறவங்க ரெண்டு பேரோடதும் ஒவ்வொண்ணு இருக்கணும். நான் ஒரு காட்டன் புடவை வச்சேன். "நீங்க ஒரு சட்டை வைங்க"ன்னேன் அவர்கிட்ட. அவர் உள்ள போனார், வந்தார், பாஸ்போர்ட்டத் தூக்கி உள்ள போட்டார்.

"என்னங்க இது?"ன்னேன்.

"பயணம் போறது இதுதான சுகந்தி? இது போகட்டும்"னார்.

அத்தைக்குக் கண்ணெல்லாம் கலங்கிருச்சு. "பாத்தியாடி, என் புள்ளைக்கு எவ்வளவு பக்தி"ன்னு என்னைக் கேக்குறாங்க. எனக்கும் சந்தோஷம்தான். ஏன்னா அதுவரைக்கும் இந்தப் பயணத்துக்குன்னு அவர் தானா ஒரு துரும்பு நகத்தினதில்ல. பரவாயில்ல, ஆர்வம் வந்திருச்சுன்னு நெனச்சேன். அங்க செஞ்சேன் பாருங்க தப்பு. அப்பவே வெளிய எடுத்திருக்கணும்.

அவரே பையைத் தூக்கிட்டுத் தெருவைத் தாண்டிப் போனார். திரும்பிப் பாக்காமப் போகணும். போனார், திரும்பியே பாக்கல. ஜெசிந்தாக்கா வாசல்லயே காத்திருந்தாங்க. நம்ம சம்பிரதாயத்துக்கு அவங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். வாங்கிட்டுப் போயி மாதா படத்துக்குக் கீழ வச்சு மெழுகுவர்த்தி வேற ஏத்தினாங்க. அத்தைக்கு அதுல ஒரு சின்னச் சங்கடம், "மாதா கடல் தாண்டுனவங்க, பாத்துக்குவாங்க"ன்னு அவங்களே சமாதானம் பண்ணிக்கிட்டாங்க. வச்ச பையைப் பாத்துட்டு இவர் அங்கயே ரொம்ப நேரம் உக்காந்திருந்தார். காப்பி குடிச்சுட்டுத்தான் வந்தார்.

நேத்து சாயங்காலம் கம்பெனிக்காரர் போன் பண்ணி ஒரிஜினல் வேணும்ங்கிறார். நான் எதிர் வீட்டைப் பாக்குறேன், பூட்டு தொங்குது!

பையைக் குடுத்தா, அடுத்த வாரம் எடுத்துட்டுப் போவாங்களேன்னு ஒரு நெனப்பு வேணாமா? சாவியைப் பக்கத்து வீட்ல குடுத்துட்டுப் போகலாம்ல? எங்கிட்டக் குடுக்கலாம்ல? நான் ஜெசிந்தாக்காவுக்கு எவ்வளவு செஞ்சிருக்கேன் தெரியுமா? எங்க வீட்டு மிக்ஸியை அவங்களுக்குத்தான் மஞ்சள்ல போட்டிருந்தேன். நேத்து ராத்திரியே சிவப்பா மாத்திட்டேன்.

பூட்டை உடைச்சிடலாம்னேன் அவர்கிட்ட. "வேணாம், வேணாம்"னு பதறிட்டார். மத்தவங்க வீடுன்னா அவ்வளவு கூச்சம் அவருக்கு. "நாளைக்குப் பாத்துக்கலாம் சுகந்தி, அது வந்து..."ன்னு ஆரம்பிச்சார். நாளைக்கா? நாளைக்கு லாரி வந்து நிக்கும், அப்பப் பாக்குறதான்னு கத்தினேன். "இல்ல, நான் என்ன சொல்ல வர்றேன்னா..."ன்னார். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், நான் பாத்துக்கிறேன்னுட்டேன். எல்லாத்தையும் நான்தான பாத்துக்கிறேன்? இதையும் பாத்துக்கிறேன். காலைல எந்திரிச்சுப் பாத்தா ஆளக் காணோம். அவசரமா ஒரு மோட்டார் வந்திருக்கு, போயிட்டு வந்திடறேன்னு அத்தைகிட்டச் சொல்லிட்டுப் போயிருக்கார். கடையே இல்ல, மோட்டார் எங்கருந்து வந்துச்சுன்னு கேளுங்க. யார் கூப்பிட்டாலும் போயிடறது. லாரி வர்றதுக்கு ஒரு நாள்தான் இருக்கு, பெட்டி கட்ட ஆளில்ல. அதான் நானே கெளம்பிட்டேன்.

பாருங்க, மறுபடியும் அவர்தான். வள்ளியூர் வரைக்கும் இப்படி அடிச்சிட்டேதான் இருப்பார். அத்தை சொல்லியிருப்பாங்க போல, மெசேஜ் வேற. "எங்க இருக்க? எறங்கிடு. பேசணும்." எறங்கிடவா? எங்க எறங்குறது, நடு ரோட்லயா? போகாதன்னு சொல்றதுக்குக் காலைல இருந்திருக்கணும். கட் பண்ணிட்டேன்.

என்னம்மா கேக்குறீங்க? அவருக்கு வர இஷ்டம்தானாவா?

நல்ல கேள்வி கேட்டீங்க போங்க. நீங்க எங்க அத்தை மாதிரியே பேசுறீங்க. இஷ்டமில்லாமலா ஆறு மாசம் தலையாட்டுவாங்க? இஷ்டமில்லைன்னா வாயத் தெறந்து சொல்றதுக்கென்ன? நான் என்ன புலியா? இந்தா, உங்ககிட்ட எவ்வளவு நேரமா சாதாரணமாப் பேசிட்டிருக்கேன். எனக்குன்னு ஒரு வாய்ப்பு வந்திருக்கும்மா, மொத மொதல்ல. எங்க வீட்ல பாஸ்போர்ட் எடுத்த மொத ஆளு நான். எங்க அப்பா ராமேஸ்வரம் தாண்டினதில்ல. தனியாப் போகணும்னு நான் ஒரு நாளும் நெனச்சதில்ல. அங்க வாடகைக்கு வீடு பாத்தப்பகூட ரெண்டு பேர் உக்கார்ற மாதிரி திண்டு வச்ச பால்கனி இருக்கான்னு பாத்துத்தான் எடுத்தேன். அவரில்லாம அந்தத் தீவுல நான் என்னம்மா பண்ணப்போறேன்? அவருக்கும் சேத்துத்தான எல்லாம்? முன்னூத்திப் பன்னெண்டு வரியும் எனக்கு மட்டுமா போட்டேன்?

இருங்க, இருங்க. ஜெசிந்தாக்கா! ஜெசிந்தாக்கா கூப்பிடுறாங்க! கொஞ்சம் இந்தப் பையப் புடிங்கம்மா.

ஹலோ! அக்கா! எங்கக்கா போயிட்டீங்க? நேத்துலருந்து... ஆங்? கொட்டுச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல, தள்ளி வந்து பேசுங்க... அக்கா, சாவிக்கா, உங்க வீட்டுச் சாவி. நான் வள்ளியூருக்கு வந்துட்டிருக்கேன்... ஆமா, பஸ்ல... என்ன?

யாருகிட்டக் குடுத்தீங்க?

எப்ப?

...

எந்த ரூமு?

...

இல்லக்கா. தெரியும். தெரியும்க்கா. ஆமா, பேசித்தான் முடிவு பண்ணோம். வைக்கிறேன். நீங்க கொடியேத்துங்க.

...

தண்ணி இருக்காம்மா? குடுங்க. அண்ணாந்துதான் குடிக்கிறேன்.

சாவி அவர்கிட்டத்தான் இருக்காம்.

"யம்மாடி, என்ன பிள்ள, முப்பது தடவை அடிச்சிருக்க, நான் பயந்தே போயிட்டேன்"னு ஆரம்பிச்சாங்க. சாவியான்னா, "உன் வீட்டுக்காரர்ட்டத்தானே குடுத்துட்டு வந்தேன். மாடி ரூமுக்கு அவர் போகணும் வரணும்லா"ங்கிறாங்க. மாடி ரூமு எதுக்குன்னேன். "மிஷினு அங்கதான இருக்கு. போன மாசமே ஏத்திட்டாரே, ரெண்டு பேரு தூக்கிட்டு வந்தாங்க, நீ ஸ்கூலுக்குப் போயிருந்த. வாடகைக்குப் பேசியாச்சு. நீ போயி அங்க காலை நல்லா ஊனிக்கோ, அவரு பொறவு வருவாராம்லா? ரெண்டு பேரும் பேசித்தான முடிவெடுத்தீங்க?" அப்படின்னு என்னையே கேக்குறாங்க.

ஏற்பாடு பண்ணிட்டேன்னார். நான் டிக் அடிச்சேன்.

அப்ப நேத்து நான் பூட்டைப் பாத்துக் கத்துறேன், சாவி அவர் சட்டைப் பையில இருக்கு. முப்பத்தோரு தடவை நான் போன் அடிக்கிறேன், பக்கத்துல உக்காந்து பாத்துட்டிருக்கார். ஏமாத்துக்காரன்! இத்தனை நாள் தங்கமான மனுஷன், தங்கமான மனுஷன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனே. நான் கடலைத் தாண்ட பெட்டி கட்டுறேன், இந்த மனுஷன் தெருவைத் தாண்டிக் குடித்தனம் போயிட்டார்! திரும்பிப் பாக்காமப் போனார்மா, பையைத் தூக்கிட்டு. நான் வாசல்ல நின்னு கைதட்டாத குறை. எங்க அத்தை அழுதாங்க, பக்தியாம்!

ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? நான் கேட்டேன்ல? கேக்காமலா பண்ணேன்? விண்ணப்பம் போட்ட அன்னிக்கு நேராக் கடைக்குப் போயி, எதிர்ல உக்காந்து, ஏங்க, இப்படி ஒரு வேலை வந்திருக்கு, ரெண்டு பேரும் போயிரலாம்னேன். தலையாட்டினார். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. மஞ்சள் பல்பு எரியுது, கைப்பிடியைச் சுத்திட்டிருக்கார், கம்பி ஏறிட்டே இருக்கு, நான் பேசிட்டே இருக்கேன், அவர் ஒரு தடவை தலையாட்டினார், கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு தடவை...

...

ஒண்ணுமில்லம்மா.

அந்தத் தலையாட்டு...

பத்துக்கு ஒண்ணு.

இல்ல, எல்லாம் அப்படியே இருக்காது. வேலை கெடச்ச அன்னிக்கு நிமிந்து பாத்தார். பாத்தார், எனக்குத் தெரியும். ஏதோ சொல்ல வந்தார். நான் அதுக்குள்ள பால்கனி படத்தைக் காட்ட ஆரம்பிச்சுட்டேன். அப்புறம் குனிஞ்சு அந்தக் கம்பியைப் பூரா அவுத்துட்டு மொதல்லருந்து சுத்தினார். என் பேச்சுல எண்ணிக்கை விட்டுப்போச்சுன்னு நெனச்சு, "சாரி சாரி, நீங்க எண்ணுங்க"ன்னு சொல்லிட்டு மிச்சத்தையும் சொன்னேன். மிச்சத்தையும் சொன்னேம்மா. நிறுத்தல.

அதுக்காக? அதுக்காக இப்படிப் பண்ணலாமா? எனக்குக் கோவம் போகல. போகாது. நாளைக்கு லாரி வந்து நிக்கட்டும், அந்த மஞ்சப்பைய அவர் தலையில கவுத்துறேன் பாருங்க.

கோவில்பட்டி வந்திருச்சு. நான் எறங்கிடறேன். வள்ளியூர் போயி என்ன பண்ண, கொடியா புடிக்க? திரும்பி மதுரை பஸ் எங்க நிக்கும்? எதிர்த்தாப்லயா, சரி. இருங்க, கண்டக்டர் டீ குடிக்கத்தான போறார், பஸ் நிக்கும். எறங்குறதுக்கு முன்னாடி அவருக்கு ஒரு போன் அடிச்சிடறேன். வீட்டுக்குப் போற வரைக்கும் தாங்காது எனக்கு. கேட்டுடறேன். வர்றீங்களா இல்லையா? இதை இதுவரைக்கும் கேள்வியா நான் கேக்கலைன்னுதான சொல்றீங்க? உங்க மொகமே சொல்லுதே. இப்பக் கேக்குறேன். வரமாட்டேன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு தெரியல. தெரியாமலே கேக்குறேன், போதுமா?

ரிங் போகுது.

ஹலோ. நான்தான். ஆமா, கோவில்பட்டில நிக்கிறேன். ஜெசிந்தாக்கா பேசினாங்க. எல்லாம் சொல்லிட்டாங்க. உங்களுக்குக் கொஞ்சமாச்சும்...

என்ன சத்தம் அங்க?

மாடியிலயா இருக்கீங்க?

...

என்னவா? "சுகந்தி, ஒரே ஒரு நிமிஷம், இந்த ஒரு அச்சை மட்டும் சுத்தி முடிச்சிடறேன், அப்புறம் நீ என்ன வேணா கேளு, எல்லாத்தையும் சொல்றேன்" அப்படிங்கிறார். போனை மிஷின் பக்கத்துலயே வச்சுட்டார். கேக்குதா உங்களுக்கு? கர்ரக் கர்ரக்குன்னு? அதான் கைப்பிடி. இருபத்தி மூணு, இருபத்தி நாலு... அவர் எண்ணுறது இவ்வளவு தெளிவாக் கேட்டதே இல்லம்மா எனக்கு. எங்க கேக்கும்? நான் பேசிட்டே இருந்தா?

எத்தனை சுத்துன்னு தெரியல. அறுபதோ எழுபதோ. இருபத்தொம்பது. முப்பது. இப்பத் தலையாட்டியிருப்பார்.

கடலை மிட்டாய் வேணாங்க, அந்தப் பக்கம் போங்க.

ஐயோ, எனக்கு இப்பவே கத்தணும் போல இருக்கும்மா. முப்பத்தி நாலு.

ஷ்ஷ். நீங்களும் பேசாதீங்கம்மா. எண்ணி முடிக்கட்டும்.